ஆவி பதினான்கு

மோதிரம் இரண்டு.
விரலும் இரண்டுதான்; ஆனால் ஒன்றில்
போன மாதத்து மோதிரம்
கழற்ற மனமில்லாமல் கிடக்கிறது.

ஒஸ்ட்ராவாவில் இன்று
மழையும் இல்லை, பனியும் இல்லை,
இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று விழுகிறது.
சன்னலுக்குக் கீழே போகும் டிராம் என்னுடையதல்ல,
எனக்கு விடுப்பு.
உருளைக்கிழங்கு சூப் ஆறுகிறது.
திரையில் என் சூனியக்காரி
கையை விரித்து நிற்கிறாள்.

முதலாவது: விரைவு இருபத்தொன்று, அறிவு ஒன்பது.
பவளச் சிவப்பு.
பார்த்த மாத்திரத்தில் வயிற்றில் ஏதோ செய்கிறது.
இரண்டாவது: அறிவு ஏழு, ஆவி பதினான்கு.
தேய்ந்த பித்தளை.
ஒழுகும் குழாய்க்குப் போட்டுவிடலாம்.

எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.
ப்ல்சென்னில் இருக்கும் க்வெதோஸ்லாவ்,
இரவில் எங்களுக்காகக் கேடயம் பிடிப்பவன்,
விடிகாலையில் ரொட்டி சுடுபவன்:
"ஆவியா? வியாபாரிகிட்ட தள்ளிக் காசாக்கு."
ராட்கா கணக்குத் தாள் அனுப்பினாள்.
பன்னிரண்டு பத்திகள். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம்.
ஓர் அலகு விரைவின் பெறுமதி, ஓர் அலகு கூர்மையின் பெறுமதி.
ஆவியின் கட்டத்துக்குச்
சாம்பல் நிறம் பூசியிருந்தாள்.

நியாயம்தான்.
விரைவு சேரச் சேர
இரண்டரை நொடியில் உருவாகும் பனி ஈட்டி
இரண்டே நொடியில் பறக்கும்.
கூர்மை இருந்தால் ஐந்தில் ஒன்று இருமடங்காய் வெடிக்கும்;
மஞ்சள் எண் பெருத்து எழுந்த ஓர் இரவில்
நான் போட்ட கூச்சலுக்குத்
திருமதி ஹ்ருஷ்கோவா கீழிருந்து
துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தாள்.
குறி தப்பாமை உப்பு.
அளவு வரை வேண்டும்,
அதற்குமேல் ஒரு சிட்டிகையும் வீண்.

ஆவி என்ன செய்யும்?
ஐந்து நொடி மந்திரம் சொல்லாமல் நின்றால்
நீலக்கோடு கொஞ்சம் ஊறும்.
அவ்வளவுதான்.
ஆறாவது நொடி வரை பொறுத்திருக்க
யாருக்கும் நேரமில்லை,
எனக்கும்.

ஆனால் வியாழக்கிழமை எந்தத் தாளிலும் இல்லை.
பத்துப் பேர் இறங்கினோம், ஏழுவாய்க் கிணற்றுப் பூதத்திடம்.
முதல் இரண்டு நிமிடம் பொழிந்து தள்ளினேன்.
சேதப் பட்டியலில் என் பெயர்தான் உச்சியில்,
ராட்காவையும் தாண்டி.
மூன்றாம் நிமிடம் நீலம் வறண்டது.
சட்டியில் இல்லை;
அகப்பையை எவ்வளவு வேகமாய் ஆட்டினால் என்ன?
பூதத்துக்கு நூற்றில் நான்கு பங்கு உயிர் மிச்சம்.
நான் கைத்தடியால் அதன் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தேன்,
கடன் கேட்க வந்தவள்
பூட்டிய கதவைத் தட்டுவதுபோல.
ஒவ்வொருவராய்ச் சாய்ந்தார்கள்.
க்வெதோஸ்லாவ் கடைசியில்.
"மாவு பிசையப் போகணும்"
என்று மட்டும் சொன்னான்.
திட்டியிருந்தால் தேவலை.

டிராம் ஓட்டுகிற எனக்கு
விரைவு ஒரு குற்றம்.
நிறுத்தத்திலிருந்து அரை நிமிடம் முந்திக் கிளம்பினாலும்
அறிக்கை எழுதித் தர வேண்டும்.
தடத்தின் கோடியில் ஒரு வளையம் உண்டு,
பழைய உருக்காலைச் சுவரின் பின்புறம்.
அங்கே ஏழு நிமிடம்.
விளக்கைத் தணித்துவிடுவேன்.
தெர்மாஸ் மூடியில் தேநீர்.
ஆவி பறக்கும்.
ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை.
ஒருநாள் ஒரு நாய் ஏறி,
சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கிப்போனது.

பித்தளையைப் போட்டுக்கொண்டேன்.
சிவப்பை விற்கவில்லை,
அவ்வளவு ஞானமெல்லாம் எனக்கு வரவில்லை.
பையில் இருக்கிறது,
கெட்டுப்போன காளான் ரசத்துக்குப் பக்கத்தில்.

அடுத்த வியாழன். அதே கிணறு.
பூதம் நான்காவது வாயைத் திறக்கிறது.
நீலம் பாதிக்கும் கீழே.
விசைப்பலகையிலிருந்து
இரண்டு கைகளையும் எடுத்து
மடியில் வைத்துக்கொள்கிறேன்.

ஒன்று.
"போஹ்தானா, உன் ஈட்டி எங்கே?"
இரண்டு.
"இணையம் போயிடுச்சா?"
மூன்று.
"தூங்கிட்டாளா இவ?"
க்வெதோஸ்லாவின் கேடயத்தில் இடி இடியாய் விழுகிறது.
அவன் ஒன்றும் கேட்கவில்லை.
நான்கு.